சான் ரெக்ரே வீட்டின் பின்பக்கம்

குகதாசன் மொரிஷியஸில் மாளிகை வாங்கிய கதையைக் கேளாத தமிழர் லண்டனில் இருந்தால், அவர் அந்த மாதம் லண்டனிலேயே இருந்திருக்க மாட்டார். கலியாண வீட்டில் சொன்னார், செத்த வீட்டில் சொன்னார், பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் அறிக்கை வாசிக்க எழுந்தவரை இருத்திவிட்டுச் சொன்னார். அந்தச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர், யார் தடுக்கிறது? கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, மனைவி சிவகௌரியையும் கூட்டிக்கொண்டு, கோலியர்ஸ் வுட்டில் நீலவேணியின் கராஜுக்கும் வந்து சேர்ந்தார்.

கராஜ் என்றால் கார் நிற்கிற கராஜ் இல்லை. சுவரெல்லாம் வெள்ளைத் தகடு அடித்து, இரண்டு ஓவனும் ஒரு நீள மேசையும் போட்டு, நீலவேணி கேக் செய்கிற இடம். பிறந்தநாள், பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு, அறுபதாம் கலியாணம் எல்லாவற்றுக்கும் செய்வாள் என்றாலும், அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை வீட்டுக் கேக்குகள். நம்மவர்கள் இங்கே வீடு வாங்கினால், குடிபூரலுக்கு அந்த வீட்டையே கேக்காகச் செய்து சபை நடுவே வைப்பது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. டூட்டிங்கில் மற்ற வீட்டோடு ஒட்டி நிற்கும் மூன்று அறை வீடானாலும் சரி, சர்ரேயில் தனியே நிற்கும் பெருவீடானாலும் சரி, நீலவேணியின் கையில் அது சீனியில் எழும்பும். கதவின் நிறம் பிசகாது. வாசலில் நிற்கிற குப்பைத் தொட்டி கூடப் பிசகாது.

ஆனால் அந்த வீட்டை மட்டும் வெட்ட மாட்டார்கள். குடிபுகுகிற நாளில் வீட்டில் கத்தி வைப்பதாவது! ஆகவே வீட்டோடு கூடவே ஒரு சாதாரண சதுரக் கேக்கும் போகும். அதை வெட்டி எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, வீட்டைப் பிரிட்ஜுக்கு மேலே ஏற்றி வைத்துப் பூஞ்சணம் பிடிக்கும்வரை பார்த்துப் பார்த்துப் பூரிப்பார்கள். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பதில் எங்கள் சனத்துக்கு ஒரு தனி நியாயம் உண்டு.

"பிள்ளை, இதைப் பாரும்" என்று குகதாசன் போனை நீட்டினார். "பேர் சான் ரெக்ரே. பிரெஞ்சிலை 'வருத்தமே இல்லை' எண்டு அர்த்தமாம்."

வெள்ளை மரவீடு. கறுத்த கல்மேடை ஒன்றின் மேல், நிலத்தில் கால் படாமல் எழும்பி நின்றது. நாலு பக்கமும் அகன்ற விறாந்தை, மெல்லிய மரத்தூண்கள், சாய்ந்த ஓட்டுக்குப் பதில் சிறு சிறு மரச் சிம்புகள் வேய்ந்த கூரை. கூரையின் விளிம்பு முழுவதும், சட்டைக்கு லேஸ் வைத்துத் தைத்தது போல, பூ வெட்டிய பலகை. முன்கதவுக்கு நேரே பின்கதவு. காற்று படியேறி உள்ளே வந்து, ஆட்களைத் தொட்டுவிட்டு, பின்னால் இறங்கிப் போகும்படி கட்டிய வீடு. வடிவான வீடுதான். நீலவேணி பொய் சொல்ல மாட்டாள், அவளுக்கும் பிடித்திருந்தது.

"எண்பத்தொன்பதிலை இந்தக் குரோய்டன் குடிவரவுக் கட்டடத்துக்கு வெளியிலை, அகதியெண்டு பதியக் குளிருக்குள்ளை கியூவிலை நிண்டனான்" என்றார் குகதாசன். "கையிலை ஒரு சொப்பிங் பாக், அவ்வளவுதான். இண்டைக்கு வெள்ளைக்காரத் துரை இருந்த பங்களா என்ரை பேரிலை. அதுக்குத்தான் விழாவையும் குரோய்டனிலையே வைக்கிறன். அந்தக் கட்டடத்துக்குக் கேக்கட்டும்."

அதில் ஒரு ரோஷம் இருந்தது. நீலவேணிக்கு அது விளங்கியது, மதிப்பும் வந்தது. அந்த மதிப்பு அடுத்த படம் வரும்வரை இருந்தது.

அடுத்த படத்தை அவர் விரலால் அவசரமாகத் தள்ளினார். "கொஞ்சம் நில்லுங்கோ அண்ணை" என்றாள் நீலவேணி. வீட்டின் பின்பக்கம். தள்ளி, சரிவில், ஒரே கூரைக்குக் கீழே நீளமாக ஒரு கட்டடம். வரிசையாகக் கதவுகள், கதவுக்கு ஒரு ஜன்னல்கூட இல்லை. முன்னால் அழுக்குத் தண்ணி ஓடும் ஒரு கான், கானின் தலைப்பில் ஒரு பைப்.

"இது என்ன?" என்று கேட்டாள். அது என்னவென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"அதோ? அது கூலியள் இருந்த லைன். இந்தியாவிலையிருந்து கப்பலிலை கொண்டுவந்த சனம். எங்கட மலைநாட்டுத் தோட்டக்காட்டுச் சனம் மாதிரித்தான். உது இப்ப வெறுமையாத்தான் கிடக்கு. வாற மாசம் இடிச்சுப்போட்டு நீச்சல் தடாகம் கட்டப் போறம். கேக்கிலை உது வேண்டாம், வடிவில்லை." பிறகு தன் பகிடியைத் தானே முதலில் ரசித்துக்கொண்டு சொன்னார்: "தோட்டக்காட்டான் கட்டின வீடு, யாழ்ப்பாணத்தான் குடியிருக்கப் போறான்!"

சிவகௌரி சிரிக்கவில்லை, அவளுக்குக் கவலை வேறு. "வெட்டுற கேக்கை மறந்துபோகாதையும் பிள்ளை. பெரிசாச் செய்யும். முந்நூறு பேர் வருவினம்."

"ஓம் அக்கா" என்றாள் நீலவேணி.

அவர்கள் போன பிறகு அவள் வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டே நின்றாள்.

நீலவேணி தோட்டக்காட்டில் பிறந்தவள். லண்டனில் இதை அறிந்தவர் ஒரே ஒருவர், அவள் கணவர் பத்மநாதன். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், இதே மாதிரி ஒரே கூரைக்குக் கீழ் நீண்டு கிடந்த லயத்தில், காம்பரா என்கிற ஒற்றை அறைக்கு ஒரு குடும்பமாக வாழ்ந்த சனத்தில் ஒருத்தி. எழுபத்தேழுக் கலவரத்தில் தமிழரை அடித்து லயங்களை எரித்தபோது, தகப்பன் அவளையும் தம்பியையும் தூக்கிக்கொண்டு வடக்கே வந்து வவுனியாவில் ஒரு காட்டை வெட்டிக் குடிசை போட்டார். அங்கே பள்ளிக்கூடத்தில் மலைநாட்டுப் பேச்சு வடக்குப் பேச்சாக மாறியது. லண்டனுக்கு வந்து பத்மநாதனைக் கட்டிக்கொண்டபோது, அவருடைய சொந்தக்காரர் "பொம்பிளை ஊரிலை எவடம்?" என்று கேட்டார்கள். அவள் வாய் திறப்பதற்குள் அவர் "வவுனியா" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அவரே முந்திக்கொண்டு பதில் சொன்னார். அன்றைக்கு அவளுக்கு அது பெரிய உபகாரமாகப் பட்டது. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது.

கேக் செய்ய வேண்டுமானால் வீட்டைப் படிக்க வேண்டும். குகதாசன் பளபளவென்று அச்சடித்த விளம்பரப் புத்தகம் ஒன்றை விட்டுப் போயிருந்தார். தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். நீலவேணி அதை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு மாவைக் குழைத்தாள்.

கல்மேடையைப் போட்டவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். மேலே மரவீட்டை எழுப்பியது மார்சாந்தே என்ற பிரெஞ்சுக் குடும்பம் என்று புத்தகம் சொன்னது. எழுப்பியது குடும்பமாம்! மார்சாந்தே துரையும் பெண்சாதியும் ஏணியில் ஏறி ஆணி அடித்தார்கள் என்று நாம் நம்ப வேண்டும். அடிமை முறை ஒழிந்ததும் கரும்புக்கு ஆள் இல்லாமல் போனது. சென்னையிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறிய தமிழ்ச் சனம் வந்தது. அடிமைகளின் குடிசைகளைப் பிரித்து, அந்தக் கல்லாலேயே லயத்தைக் கட்டி, வந்தவர்களை உள்ளே விட்டார்கள். சமையலறை வீட்டில் இல்லை. தீப் பிடித்தால் கூலி எரியட்டும், கூடம் எரியக்கூடாது என்று தள்ளிக் கட்டியிருந்தார்கள். இந்தக் கடைசி வசனம் புத்தகத்தில் இல்லை, நீலவேணி தானே போட்டு வாசித்துக்கொண்டது.

ஒரு பக்கத்தில் புயல் வந்தது. பெரும் சூறாவளி ஒன்று வீட்டின் கூரையையும் லயத்தின் கூரையையும் ஒரே இரவில் பிடுங்கிக்கொண்டு போனது. புத்தகம் உருகி உருகி எழுதியிருந்தது: 'விசுவாசம் மிக்க தொழிலாளர்கள் தங்கள் இருப்பிடங்களைப் பற்றிக் கவலைப்படாமல், முதலில் எசமானின் இல்லத்துக்குக் கூரை வேய்ந்தனர். அன்பின் சாட்சியாக அக்கூரை இன்றும் நிற்கிறது.'

நீலவேணி மாவிலிருந்து கையை எடுத்தாள்.

அன்பாம். மழைக்குள் பிள்ளைகளைப் போட்டுவிட்டு, இன்னொருவன் கட்டில் நனையாமல் இருக்கக் கூரை ஏறியவர்களுக்கு அன்பாம். அவளுக்குத் தன் அம்மா நினைவுக்கு வந்தாள். தம்பிக்குக் காய்ச்சல் கொதித்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போக லொறி கேட்டு அம்மா துரை பங்களாவுக்குப் போனாள். நீலவேணியும் கையைப் பிடித்துக்கொண்டு கூடப் போனாள். முன்படியில் கால் வைக்க ஆகாது. பின்வாசலில், துரை சாப்பிட்டு முடித்து, பழம் சாப்பிட்டு முடித்து, தேத்தண்ணியும் குடித்து முடிக்கும்வரை நின்றார்கள். தம்பி ஒரு காது கேளாமல் போனதோடு தப்பினான். அந்த பங்களாவுக்கும் இப்படித்தான் விறாந்தை இருந்தது, இப்படித்தான் வெள்ளை அடித்திருந்தது. அன்பின் சாட்சி என்று அதைப் பற்றியும் யாராவது எங்கேயாவது எழுதியிருப்பார்கள்.

அவள் செய்யத் தொடங்கினாள். பட்டர் கேக்கை அடுக்கி வீட்டை எழுப்பினாள். சீனிப் பசையை மெல்லியதாக உருட்டித் தூண்களாகக் காய வைத்தாள். கூரை விளிம்புப் பூப்பலகையை ஊசிமுனைக் கத்தியால் வெட்டி வெட்டிக் கண் சிவந்தாள். கரும்பு வெட்டிச் செத்த சனத்தின் உழைப்பில் நின்ற வீட்டைச் சீனியால் கட்டுகிறோமே என்ற நினைப்பு ஒவ்வொரு தூணுக்கும் வந்தது. வீடு முடிந்தது. பிறகு அதே பலகையில், வீட்டுக்குப் பின்னால், உலர்பழம் போட்ட கறுத்த ரிச் கேக்கில் லயத்தை வைத்தாள். கதவு ஒவ்வொன்றாக, கான், பைப், கல் அடுப்பு ஒவ்வொன்றாக வைத்தாள். யாரும் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் இருப்பதைச் செய்வதுதான் அவள் தொழில்.

பத்மநாதன் வேலையால் வந்து, தேத்தண்ணிக் கோப்பையோடு கராஜுக்குள் எட்டிப் பார்த்தார். முதலில் முகம் மலர்ந்தது. சுற்றி வந்து பின்பக்கத்தைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இது வேண்டாமெண்டல்லோ குகதாசன் அண்ணை சொன்னவர்?"

"சொன்னவர்."

"பிறகேன் செய்தனீர்? உமக்கென்ன விசரோ?"

"விசர்தான். அந்தாள் என்ரை முகத்துக்கு நேரை தோட்டக்காட்டான் எண்டு சொல்லிச் சிரிச்சவர். நானும் ஓம் அக்கா எண்டு நிண்டனான். விசர் இல்லாட்டி அப்பிடி நிப்பனோ?"

"உம்மைச் சொல்லேல்லைத்தானே. அவருக்குத் தெரியாது."

"தெரியாமல் வைச்சது ஆர்?"

பத்மநாதன் கதிரையில் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். பயந்த மனிதர், அவ்வளவுதான். "வேணி, யோசிச்சுப் பாரும். நான் சங்கத்திலை செயலாளர். உமக்கு வாற ஓர்டர் முழுக்க இந்தச் சனத்திட்டையிருந்துதான். தெரிஞ்சால் ஒரு கலியாண வீட்டிலை எங்களைப் பக்கத்திலை இருத்தாயினம். பேசாமல் உதைக் கழட்டி விடும். நல்ல வீடு ஒண்டு செய்திருக்கிறீர், அது காணும்."

"காணாது" என்றாள் நீலவேணி. "அதைக் கழட்டினால் நான் பிறக்கேல்லை எண்டு நானே சொன்ன மாதிரி."

அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஞாயிறு காலையில் பலகையை வான் வண்டியில் ஏற்றும்போது, "அங்கை ஒண்டும் கதைக்காதையும்" என்றார். அவள் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

குரோய்டனில் மண்டபம் டிராம் பாதைக்குப் பக்கத்தில். மத்தியான விருந்து. நடு மேசையில் கேக்கை இறக்கி வைத்ததும் குகதாசன் பட்டு வேட்டியோடு ஓடி வந்தார். தூண்களைப் பார்த்தார், பூப்பலகையைப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது. பிறகு சுற்றி வந்தார்.

"என்ன பிள்ளை இது? வேண்டாமெண்டல்லோ சொன்னனான்?"

"இருக்கிறதைத்தான் செய்தனான் அண்ணை."

"நான் அப்பவே சொன்னனான், அண்ணை" என்றார் பத்மநாதன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

சனம் உள்ளே வரத் தொடங்கிவிட்டது. குகதாசன் பல்லைக் கடித்துக்கொண்டு, லயம் மேடைப் பக்கம் போகும்படி பலகையைத் திருப்பி வைத்தார். வந்தவர்கள் எல்லோரும் வீட்டின் முகத்தோடு நின்று படம் எடுத்தார்கள். திரையில் சான் ரெக்ரேயின் வரலாறு ஓடியது: பிரபுக்கள், விருந்துகள், கடைசியில் குகதாசன். லயம் திரையிலும் இல்லை.

பேச்சுகள் முடிந்தன. அறிவிப்பாளர், "இனிக் கேக் வெட்டும் வைபவம்" என்றார். சிவகௌரி நீலவேணியைத் தேடி வந்தாள். "பிள்ளை, வெட்டுற கேக் எங்கை?"

நீலவேணி அப்போதுதான் கொண்டுவந்த பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். மறந்துவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக மறந்துவிட்டாள். இத்தனை வருடத்தில் ஒருநாளும் நடக்காத பிழை. இரண்டு வாரமாக அந்த லயத்தின் அடுப்புகளோடு மாரடித்ததில், ஒரு சதுரக் கேக் போட வேண்டும் என்பது தலையில் இருந்தே போய்விட்டது. முந்நூறு பேர் கையில் பிளேட்டோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். 

குகதாசன் அவள் முகத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். திடீரென்று அவர் முகம் தெளிந்தது.

"ஓ! இதுதானே வெட்டுற கேக்! நான்தான் விளங்காமல் ஏசிப்போட்டன். கெட்டிக்காரி பிள்ளை நீர்!" பலகையைச் சுழற்றி லயத்தை முன்னுக்குக் கொண்டுவந்தார். மைக்கை வாங்கிக்கொண்டார். "நண்பர்களே, இது பழைய கூலி லைன். வீட்டிலை கத்தி வைக்கிறேல்லைத்தானே? அதாலை இதை வெட்டிச் சாப்பிடுவம், நீச்சல் தடாகத்துக்கு இடம் வரட்டும்!"

மண்டபம் சிரித்தது. நல்ல மனதோடு, பசியோடு சிரித்தது. பத்மநாதன் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். எல்லாருக்கும் எல்லாம் சரியாகிவிட்டது. அவளுடைய பிழை மூடுபட்டது, ஓர்டர் தப்பியது, சங்கம் தப்பியது. நீலவேணி செய்ய வேண்டியது ஒன்றுதான், அதில் அவளுக்கு நல்ல பழக்கமும் இருந்தது: பேசாமல் நிற்க வேண்டும்.

ரிப்பன் கட்டிய கத்தி முதல் கதவுக்கு மேலே வந்தது. நீலவேணி தன் கையை விரித்து லயத்தின் கூரை மேல் வைத்தாள். கத்தி அவள் விரலுக்கு மேலே நின்றது.

"வீட்டிலை கத்தி வைக்காதேங்கோ அண்ணை."

"கையை எடும் பிள்ளை, வெட்டுப்படப் போகுது. இது வீடில்லை, லைன். வீடு அங்காலை நிக்குது."

"இதுக்கும் கதவிருக்கு, அடுப்பிருக்கு. இதுக்குள்ளை பிள்ளை பிறந்திருக்கு, பெட்டையள் சாமத்தியப்பட்டிருக்குதுகள், சனம் செத்திருக்கு. பிறகென்னண்டு இது வீடில்லாமல் போச்சு?"

மைக் குகதாசனின் கையில்தான் இருந்தது. அவள் சொன்னதையெல்லாம் அது மண்டபத்தின் கடைசிக் கதிரைவரை கொண்டுபோய்க் கொடுத்தது. சிரிப்பு நின்றது.

"உமக்கென்ன இதிலை இவ்வளவு?" என்றார் குகதாசன், குரலைத் தாழ்த்தி.

"நான் லயத்திலை பிறந்தனான்" என்றாள் நீலவேணி. குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டுத் தொடர்ந்து பேசினாள். "நீங்கள் சொல்லிச் சிரிக்கிற தோட்டக்காட்டுச் சனம் நான்தான். உங்கட மகளின்ரை சாமத்தியத்துக்குக் கேக் செய்த கை இது. இந்தச் சபையிலை அரைவாசிப் பேரின்ரை குடிபூரலுக்குக் கேக் செய்த கையும் இதுதான். ஒருத்தருக்கும் தொண்டைக்குள்ளை சிக்கேல்லை."

யாரோ இருமினார்கள்.

"புயலடிச்ச நேரம் தங்கட பிள்ளையளை மழையிலை விட்டிட்டு இந்தப் பெரிய வீட்டுக்கு முதல் கூரை போட்டதுகள் எண்டு உங்கட புத்தகத்திலை நீங்களே அச்சடிச்சிருக்கிறியள். அன்பாம். அதுகள் அன்பிலை ஏறேல்லை அண்ணை, ஏறாட்டி அடி. நீங்களும் இந்தக் குரோய்டனிலை சொப்பிங் பாக்கோடை நிண்ட ஆள். நிக்க வைச்சவனுக்குத் தெரியாட்டிப் பரவாயில்லை, நிண்ட உங்களுக்குமோ தெரியாது? சீனி வீட்டிலை கத்தி வைக்கப் பயப்பிடுறியள். உண்மையான வீட்டிலை புல்டோசரை விடப் பயமில்லையோ?"

 குகதாசன் மைக்கை என்ன செய்வதென்று தெரியாமல் கத்தியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது சிவகௌரி வந்து அவர் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கினாள்.

"தாங்கோ இதை."

"என்னப்பா நீயும்..."

"ஒருத்தி பிறந்த வீடு மாதிரி எண்டு தெரிஞ்ச பிறகு இதிலை என்னண்டு வெட்டுறது? ஆவணியிலை மகன்ரை கலியாணம் கிடக்கு. மொரிஷியஸிலையும் ஒண்டும் இடிக்க நான் விடமாட்டன். உங்கட தடாகத்தை வீட்டுக்கு முன்னுக்குக் கிண்டுங்கோ!"

அவள் நியாயத்துக்காகச் சொன்னாள் என்று நினைத்து யாரும் கண் கலங்க வேண்டாம். பயத்தில் சொன்னாள். ஆனால் சொன்னாள், முந்நூறு பேர் கேட்டார்கள், குகதாசன் இனி அதை மாற்ற ஏலாது. வீட்டில் கத்தி வைக்கக் கூடாது என்ற அந்த எண்ணம், இத்தனை காலமும் நல்ல கூரையும் ஒழுங்கான சுவரும் உள்ள வீடுகளை மட்டும் காத்த எண்ணம், முதல் தடவையாக ஒரு லயத்தையும் காத்தது.

சமையல்காரர் ஓடிப்போய் ஐஸ்கிரீமைக் கொண்டுவந்தார். குகதாசன் நீலவேணியின் பக்கத்தால் போகும்போது, "இனி எங்கட ஆக்கள் ஒருத்தரும் உம்மட்டைக் கேக் எடுக்காயினம்" என்றார்.

"எடுக்காட்டி விடட்டும். நான் வேறை ஆருக்கும் செய்வன்" என்றாள். சொல்லும்போது பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயம், இருபத்தைந்து வருடமாகச் சுமந்த பயத்தைவிட எவ்வளவோ இலேசாக இருந்தது.

கேக்குக்காரி பெட்டிகளை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கத்தால் போவதுதான் முறை. நீலவேணி போகவில்லை. ஒரு கதிரையை இழுத்து, கேக்குக்குப் பக்கத்தில், லயத்தின் பக்கம் போட்டுக்கொண்டு இருந்தாள். ஒருவரும் கிட்ட வரவில்லை. மேசைகளில் தலைகள் சேர்ந்து சேர்ந்து பிரிந்தன. பார்க்கிறவர்களைத் திருப்பிப் பார்த்தாள்; பார்த்தவர்கள்தான் கண்ணைத் தாழ்த்தினார்கள்.

பத்மநாதன் வந்து குனிந்தார். "வாரும், போவம். வான் பின்னுக்கு நிக்குது."

"நீங்கள் போங்கோ. கடைசிச் சனம் போகுமட்டும் நான் இதிலைதான் இருப்பன். ஆராவது கத்தியோடை வந்தால்?"

அவர் போகவும் இல்லை, இருக்கவும் இல்லை. அந்த நேரம் பார்த்துப் பரமேஸ்வரன் எழுந்து வந்தார்: பத்மநாதனின் தூரத்து மாமா, எந்தச் சபையிலும் யார் எந்த ஊர், யாருடைய பகுதி என்று விசாரித்து ஆளை நிறுத்துப் பார்க்கிற மனிதர். நீலவேணி என்று ஒருத்தி அங்கே இருப்பதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

"என்ன பத்மநாதன், மனிசி வவுனியா எண்டல்லோ சொன்னனீர்? இப்ப என்ன கதை இது? அவ உண்மையிலை எவடம்?"

கிட்ட இருந்த மேசைகளில் கரண்டிச் சத்தம் நின்றது. பத்மநாதன் மாமாவைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். வியர்த்திருந்தார். பிறகு பக்கத்து மேசையிலிருந்து ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து, மனைவிக்குப் பக்கத்தில் போட்டு, பொத்தென்று இருந்தார்.

"அவ இதிலைதானே இருக்கிறா மாமா" என்றார். "அவவைக் கேளுங்கோ."

பரமேஸ்வரன் திரும்ப வேண்டியதாயிற்று. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளைப் பார்த்தார். நீலவேணி எழுந்திருக்கவில்லை.

"மஸ்கெலியா" என்றாள். "ஸ்டார்க்லி தோட்டம். மேற்பிரிவு, மூண்டாம் நம்பர் லயம், கடைசிக் காம்பரா. அப்பா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டினவர், அம்மா கொழுந்து எடுத்தவ. வேறை என்ன தெரிய வேணும்? கேளுங்கோ, நான் எங்கையும் போகேல்லை."